நாற்பத்திரண்டாவது குறிப்பு

மூன்று நாள் செத்துப் போய்த் திரும்பி வர வேண்டும் என்பது பாப்பாரப்பட்டி இல்லத்தின் விதி. அவர்கள் என்னவோ, 'சேர்க்கும் முன் பிள்ளையை மூன்று நாள் இங்கே விட்டுப் பார்க்க வேண்டும், அதுவரை பெற்றோர் இந்தப் பக்கம் வரக் கூடாது' என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். செத்துப் போவது என்று பெயர் வைத்தது கிருஷ்ணப்பன். முப்பது வருஷம் ஒகேனக்கல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சில்லறை பாக்கி வைத்தாலும் வைப்பார், ஜோக்கு பாக்கி வைக்க மாட்டார்.

மகன் மாதுவுக்கு வயது முப்பத்தைந்து. பேச்சு கிடையாது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அப்பாதான். அம்மா போய் ஆறு வருஷம். போன மார்கழியில் கிருஷ்ணப்பனின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். சாவதற்கு நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அதன் பிறகுதான், தனக்குப் பின் மகனை யார் பார்ப்பார் என்று அலைய ஆரம்பித்தார். தங்கை மகள் மலர்விழியை மாதுவின் சட்டப்படியான காப்பாளராகக் கலெக்டர் ஆபீசில் பதிந்தாயிற்று. ஆனால் அவளுக்கு ஓசூரில் ஷிப்டு வேலை. கையெழுத்துப் போட வருவாள், கூடவே இருக்க முடியாது. மாதுவைக் காலத்துக்கும் வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற ஐந்து குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அந்த இல்லத்தில் ஒரே ஓர் இடம் காலியிருந்தது. மூன்று நாள் தாங்கினால் அது மாதுவுக்கு.

நோட்டில் நாற்பத்தொரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். 'ஊசி போட்டால் கடிப்பான். டாக்டரிடம் முன்னாடியே சொல்லி வைக்கவும்.' 'கோழியைப் பார்த்தால் சிரிப்பான். ஏன் என்று எனக்கும் தெரியாது, கோழிக்கும் தெரியாது.'

ஒன்றை மட்டும் எழுதவில்லை. மாது வாய் திறக்க ரெண்டு விசில் ஊத வேண்டும். ரெண்டு விசில் அடித்தால் வண்டி கிளம்பும், சோறு உள்ளே போகும். மறந்துவிட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விசில் சட்டைப் பையில் இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒகேனக்கல்லில் மீன் வறுவலின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் லூர்துமேரி.

"அண்ணா, நேத்துல இருந்து மாது சோத்துக்கு வாயே தொறக்கலீங்க. பால மட்டும் குடிக்கறான். நோட்டுல இருக்கறாப்பலயேதான் ரசஞ்சோறு கரைச்சுப் பாத்தோம்."

முதலில் வந்தது சந்தோஷம். நானில்லாமல் முடியாது பார் என்கிற சந்தோஷம். பிறகு மீன் தட்டைத் தள்ளி வைத்தார். மகன் பட்டினி கிடக்கிறான். அதில் இவருக்கு ஒரு பெருமை. இப்படிப்பட்ட பயணியை அவரே பாதி வழியில் இறக்கி விட்டிருப்பார்.

பஸ் ஏறிப் போனார். லூர்துமேரி கேட்டிலேயே நின்றாள். கிருஷ்ணப்பன் விசிலை நீட்டினார். விஷயத்தைச் சொன்னார். மறந்துவிட்டேன் என்று தொடங்கி, "இல்லீங்கம்மா, மறக்கல. வேணும்னேதான் எழுதாம வுட்டேன்" என்று முடித்தார்.

திட்டுவாள் என்று பார்த்தார். அவள் விசிலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"எம் பொண்ணும் இங்கதானே இருக்கா. காது மடல நீவி வுட்டாத்தான் தூங்குவா. நானும்தான் எழுதல. எல்லாரும் ஒண்ண ஒளிச்சு வெச்சுக்கிட்டுத்தான் போறாங்க. மூணு நாளு புள்ளைங்களுக்குன்னா நெனச்சீங்க? நமக்குங்கண்ணா."

உள்ளே போய் ஊதினாள். காற்றுதான் வந்தது.

"கன்னத்துல இல்லீங்கம்மா, வயித்துல இருந்து ஊதுங்க" என்று கேட்டுக்கு வெளியே இருந்து கத்தினார். மறுபடி ஊதினாள். சுமாரான விசில், அவர் டெப்போவில் இதைச் சேர்க்கவே மாட்டார்கள். ஜன்னல் வழியே மாதுவின் முதுகு தெரிந்தது. தலை நிமிர்ந்தது. கரண்டி மேலே போனது, காலியாகக் கீழே வந்தது.

மாது திரும்பிப் பார்க்கவில்லை. கிருஷ்ணப்பன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லூர்துமேரி ஜன்னலுக்கு வந்தாள். "இன்னும் ஒரு நாளு இருக்குதுங்க. செத்தவரு இப்படி நின்னுக்கிட்டிருந்தா எப்படி?"

"போறேம்மா. மீனு ஆறிப்போயிருக்கும்."

பத்தடி நடந்திருப்பார். பின்னால் ரெண்டு விசில். இந்தத் தடவை நல்ல விசில். மாதுவின் அடுத்த வாய்க்கா, தனக்கா என்று தெரியவில்லை. எதற்காக இருந்தாலும் ரெண்டு விசிலுக்கு வண்டி நிற்கக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.