தொட்டிலைப் பார்த்த முகம்

படத்துக்கு ஒலி சேர்ப்பவன் தன் அக்காவையும் தியேட்டருக்குக் கூட்டி வந்திருந்தான். நடிக்க வேண்டியவள் வராமல் போன அன்று, அவன் கெஞ்சியதால்தான் அக்கா கேமரா முன் நின்றாள். தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிள்ளையில்லாத அக்காவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பாவி இயக்குநர் அந்தப் பார்வையைக் கதவிடுக்கு வழியாக எடுத்துத் தொலைத்திருந்தார். "பயம் பத்தலப்பா" என்று அவர் நச்சரித்ததில், அடிவயிற்றைக் கலக்கும் ஓர் உறுமலை இவன்தான் அதில் சேர்த்தான். வேலை மும்முரத்தில் அது அக்கா முகம் என்பதே மறந்துபோயிருந்தது.

இப்போது திரையில் அந்த முகம் வந்ததும் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பின்வரிசையில் ஒருவர், "இவதான் புள்ளையத் தூக்கப் போறா, மூஞ்சியப் பாரு" என்றார்.

அக்கா இருட்டில் அவன் கையைப் பிடித்தாள். "நான் ஆசையாத்தானேடா பார்த்தேன்?"

"ஆமாக்கா."

அடுத்த காட்சியிலாவது சரியாகிவிடும் என்பதுபோல் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த முகம் இன்னும் மூன்று முறை வரும். ஒவ்வொரு முறையும் உறுமலை அவன் கொஞ்சம் கூட்டியே வைத்திருந்தான்.