படம் இல்லாத திதி

ஹாய் வான் கணவாயின் பனிமூட்டத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஏறியபோது, மியென் ஒரு கையால் வெள்ளைச் சாமந்திக் கட்டை மார்போடு அணைத்திருந்தாள். மறு கை, வண்டி ஓட்டிய லாமின் சட்டையைப் பிடித்திருந்தது.

தா நாங்கிலிருந்து ஹுவே நகரத்துக்கு நூறு கிலோமீட்டர். அங்கே இன்று அவள் கணவன் தோவானுக்கு மூன்றாம் ஆண்டுத் திதி. அவன் கடலுக்குப் போன படகு புயலில் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் களிமண்ணில் உருவம் செய்து, அவன் சட்டையை அதற்கு உடுத்தி, மணல்மேட்டில் புதைத்தார்கள். ஊர் வழக்கப்படி இன்றோடு துக்கம் முடிகிறது. லாமைக் கல்யாணம் செய்துகொள்ள மாமியாரிடம் சம்மதம் கேட்கப் போகிறாள்.

"உங்க அத்தை துடைப்பத்தைத் தூக்கினா நான் வண்டியைக் கிளப்பிடுவேன். நீ ஓடிவந்து ஏறிக்கோ," என்றான் லாம்.

சிரிப்பு வந்தது. கூடவே பயமும்.

ஹுவேயில் கோட்டை அகழியோரமாகத் திரும்பிச் சந்துக்குள் நுழைந்ததும், அவனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

வீட்டில் சமையல் வாசனையே இல்லை. உறவுக்காரர் ஒருவரும் வரவில்லை. பூஜை மேடையில் மாமனாரின் படம் மட்டும் இருந்தது. தோவானின் படம் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம்.

"படம் எங்க அத்தை?"

மாமியார் தலை நிமிரவில்லை. "உயிரோட இருக்கிறவனுக்கு எப்படிம்மா ஊதுபத்தி ஏத்துறது?"

சாமந்திகள் தரையில் சிதறின.

போன மாதம் போன் செய்தானாம். வேறொரு படகு காப்பாற்றியதாம். தெற்கே ஒரு தீவில் வேறொருத்தியோடு குடும்பம், கைக்குழந்தை. மியெனுக்குத் தெரிய வேண்டாம், செத்தவனாகவே இருந்துவிடுகிறேன் என்றானாம்.

அந்த மணல்மேட்டில் மியென் விழுந்து புரண்ட நாளில், அவன் எங்கோ உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறான்.

"மாசாமாசம் வந்து என் காலுக்குத் தைலம் தேய்ச்சவ நீ," என்றாள் மாமியார். "ஒரு பொய் முன்னால உன்னை எப்படிக் கும்பிட வைப்பேன்? வாசல்ல நிக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியாம இல்ல. நல்லா இரு. ஆனா இதுல சம்மதம் சொல்ல என்னால ஆகாதும்மா. நீ இன்னும் அவன் பொண்டாட்டி."

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. லாம் அவள் முகத்தைப் பார்த்துப் பதறி ஓடிவந்தான்.

"நான் விதவை இல்லைங்க," என்றாள். "நாம கேக்க வேண்டிய இடம் கோர்ட்டு."

ஹெல்மெட் வாரை அவளால் மாட்ட முடியவில்லை. லாம் குனிந்து மாட்டிவிட்டான்.