ஆதாரம் இல்லாத வீடு

1974ஆம் வருடம் ஐப்பசி மாதம் போடிமெட்டுச் சோதனைச் சாவடியை ஒரு தகரக் கூரை வீடு நடந்தே கடந்தது. அதற்கு முன்னால் ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று நின்றது. பின்னால் போடிநாயக்கனூர் பஸ். காவலர்கள் ஜீப்பைச் சோதித்த மாதிரியே வீட்டையும் சோதித்தார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு மாதா படம், அடுப்பில் பாதி வெந்த கப்பைக் கிழங்கு. கடத்தல் சரக்கு எதுவும் இல்லை என்றானதும் குறுக்குக் கம்பைத் தூக்கிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரி செபமாலையம்மாள் முக்கால் பர்லாங் முன்னால், தலையில் ஒரு மூட்டையோடு விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. கோபம். வீட்டுக்கும் பின்னால், ஒரு பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் புருஷன் அமிர்தநாதன் வந்தார். கோபமெல்லாம் அவர்மேல்தான்.

கோபப்படாமல் என்ன செய்வாள்? தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே லயத்தில் வாழ்க்கைப்பட்டு, இடுப்பு ஒடியக் கொழுந்து கிள்ளியவள். லயத்து வீடு வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. கடைசி நாள் கையெழுத்துப் போட்டால் மறு வாரம் "இறங்கு" என்று ஆள் வந்துவிடும். அவளுடைய அப்பாவிடம் அப்படித்தான் வந்து சொன்னார்கள். அவர் ஒரு கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். அதைப் பார்த்தபோது அவளுக்கு ஏழெட்டு வயது. அன்றிலிருந்து அவளுக்கு நகை நட்டு ஆசை கிடையாது, பட்டு ஆசை கிடையாது. இறங்கு என்று யாரும் சொல்ல முடியாத ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வீட்டை அமிர்தநாதன்தான் பார்த்து முடித்தார். பூப்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத்து ஓரம், மத்தாயி என்ற மலையாளத்துக்காரர் கட்டிய வீடு. மத்தாயியைக் குறை சொல்லவே முடியாது. விலை பேசுவதற்கு முன்பே நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "சேட்டா, இதுக்கு ஆதாரம் இல்லா கேட்டோ. பின்னெ பறஞ்ஞில்லான்னு பறயருது." மலையாளத்தில் ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம்; அது இல்லை, பிறகு சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது என்கிறார். அமிர்தநாதனுக்கு ரேஷன், ஆஸ்பத்திரி, சம்பளம் எல்லாவற்றுக்கும் மலையாளம் தெரியும். ஆனால் லயத்தில் எவன் வீடு வாங்கினான், அந்த வார்த்தை காதில் விழ? அவர் வீட்டைத் தாங்கி நிற்கிற அஸ்திவாரத்தைத்தான் மத்தாயி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தார். நல்ல கருங்கல். காலால் ஓங்கி உதைத்தும் பார்த்தார். வலித்தது. "இம்புட்டுக் கல்லப் போட்டுட்டு ஆதாரம் இல்லங்கறாரு. இப்பிடி ஒரு அடக்கமான மனுசன நான் பாத்ததே இல்ல" என்று வீட்டில் வந்து புகழ்ந்தார். மத்தாயி மறுபடி சொன்னபோதும் சிரித்தார். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதும் சிரித்தார். "நீங்க சும்மா இருங்க மத்தாயி, எனக்குத் தெரியும்" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். மத்தாயியும் பாவம், எல்லாம் தெரிந்துதான் வாங்குகிறார் என்று நிம்மதியாகக் காசர்கோட்டுப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டார்.

மூன்று மழைக்காலம் செபமாலையம்மாள் அந்த வீட்டில் மகாராணியாக இருந்தாள். சாணி போட்டு மெழுகினாள், கொல்லையில் கப்பை நட்டாள், வேலை ஒழிந்த நேரத்தில் காரணமே இல்லாமல் கதவைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு அந்த ஐப்பசியில் நிலத்துக்கு நிஜமான சொந்தக்காரர் வந்தார், நிஜமான ஆதாரத்தோடு. அவர் ஆள் ஒருவன், கையிலிருந்த குடையால் கதவைத் தட்டி, அந்த வார்த்தையைச் சொன்னான். இறங்கு. செபமாலையம்மாள் அடுப்பில் கப்பையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அடப் பாவி மனுசா! என்னயும் எங்கப்பன மாதிரி நடுத்தெருவுல நிப்பாட்டிட்டீகளே! நீங்க நல்லா இருப்பீகளா? இனிமே என் வீட்டுப் பக்கமே வராதீக, இறங்குங்க!" என்று அவரைப் பிடித்துத் தள்ளினாள். வீடே இல்லாதபோது எதிலிருந்து இறங்குவது என்று அமிர்தநாதன் கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது? கையில் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு, போடியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு அவள் நடக்க ஆரம்பித்தாள். வீடு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கருங்கல்லிலிருந்து மெதுவாக எழுந்து, அவள் பின்னாலேயே போனது.

மலை இறங்குகிற மூன்றாவது வளைவில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்துச் சலித்துப்போய்த் தலையை வெளியே நீட்டினான். "ஏம்மா, ஒன் வீட்டக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லும்மா! டைம் ஆச்சு!" அவள் திரும்பினாள். ரோட்டை அடைத்துக்கொண்டு வீடு நின்றது, ஜன்னல் திரை ஒரு பக்கம் சரிந்து, இளைத்துப்போய். முதலில் அதன் சுவரில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் நிலைப்படியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பஸ் ஒதுங்கிப் போயிற்று. தங்கச்சி இருக்கிற சந்தில் இந்த வீடு நுழையாது என்பது ஞாபகம் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மலைக்கே திரும்பினாள். வீடும் திரும்பியது. அமிர்தநாதன் வழிவிட்டு நின்று, பிறகு இருவருக்கும் பின்னால் நடந்தார்.

நிலத்தோடு கட்டிப்போட ஒரு காகிதம் இல்லாததால் வீடு ஆளோடு ஒட்டிக்கொண்டது என்று பூப்பாறைக் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை. ஏலக்காய் பறிக்கிற பருவம், யாருக்கு நேரம்? வீடு வாங்குகிறவர்கள் மட்டும் அதற்குப் பிறகு ஆதாரத்தைக் கேட்டு வாங்கினார்கள். வாங்கிய பிறகும், எதற்கு வம்பு என்று வீட்டை ஒரு பலா மரத்தோடு கயிற்றால் கட்டிவைத்தார்கள். செபமாலையம்மாள் மாட்டுப்பட்டிக்கு ஒரு சாவுக்குப் போனாள். வீடு அணைக்கட்டு ஓரம் நின்று காத்திருந்தது. குமுளிச் சந்தைக்குப் போனாள். ஒரு வியாபாரி அதைக் கடை என்று நினைத்து உள்ளே புகுந்து கிராம்பு விலை கேட்டான். எங்கே நின்றாலும் அங்கே ஒரு சொந்தக்காரன் வந்து இறங்கு என்பான். சொல்லி முடிப்பதற்குள் வீடு அடுத்த மேட்டில் நிற்கும்.

அமிர்தநாதனுக்கு உள்ளே இடமில்லை. வீட்டின் மேற்குப் புறம் விறகு போட்டிருந்த சாய்ப்பில் அவர் படுத்தார்; அதுவும் வீட்டோடு சேர்ந்து நடந்தது. அவரிடம் அவள் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை வீட்டிடம் சொல்வாள். "ஏ வீடே, மழ வருதாம், அந்த ஆளப் போத்திக்கிட்டுப் படுக்கச் சொல்லு." வீடு சாய்ப்புப் பக்கத்துப் பலகையை டக்டக்கென்று தட்டும். "சரின்னு சொல்லு" என்பார் அவர். நாலு வருஷம் இப்படியே ஓடியது. இத்தனை வீம்பு ஆகுமா என்று கேட்டால் ஆகும்தான். அவள் அப்பாவை நினைத்தால் ஆகும்.

1978இல் மலையில் குடியேறியவர்களுக்கு ஆதாரம் எழுதிக் கொடுக்க ஓர் அதிகாரி வந்தார். செபமாலையம்மாளின் வீட்டைப் பிடிக்க அவருக்கு ஜீப் தேவைப்பட்டது. நல்ல மனுஷர், கட்டிலில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். "அம்மச்சீ, நாலு அதிரும் பறயணும். அதிரு இல்லெங்கில் ஆதாரம் இல்லா. ஆதாரம் இல்லெங்கில் இது வீடல்லா, வண்டியா. பிடிச்சு ஷெட்டில இடும்." அதிர் என்றால் எல்லை. நாலு எல்லையையும் சொல்லாவிட்டால் வண்டி என்று கணக்கு வைத்துக் கொட்டகையில் பூட்டிவிடுவார்கள். செபமாலையம்மாள் வெளியே இருக்கிற எதைச் சொல்வாள்? இன்றைக்குக் கிழக்கே ஓடை, நாளைக்குக் கிழக்கே பஸ் ஸ்டாண்டு. கூடவே வருகிறதைத்தான் சொல்ல வேண்டும்.

"கெழக்க அடுப்பு" என்றாள். அதிகாரி எழுதினார். "தெக்க மாதா படம். வடக்க நான் படுக்குற கட்டில்."

"மேற்கு?"

மேற்கே சாய்ப்பு. சாய்ப்பு வாசலில் அமிர்தநாதன் ஒரு கட்டு விறகோடு நின்றார். இந்த நாலு வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. எது எல்லை என்று கேட்கிறார்கள் என்பதுகூடத் தெரியாமல், விறகை எங்கே வைப்பது என்று எந்தப் பக்கமும் நகராமல் நின்றார். வீட்டுக்குள் வரத் தெரியாமல் ஒரு மனுசனை வாசலில் நிற்க வைத்தது தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மூணு அதிருல ஆதாரம் எழுதான் பற்றில்லா, அம்மச்சீ." மூன்று எல்லையை வைத்து எழுத முடியாது என்றார் அதிகாரி.

"மேக்க இந்த மனுசன்" என்றாள். "எழுதிக்கோங்க."

அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "ஆளு அதிராகுமோ? ஆளு நடக்கும்."

"வீடே நடக்குதுங்க சார்."

அதிகாரி அதை யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று எழுதி முத்திரை குத்தினார். செபமாலையம்மாள், வீட்டிடம் சொல்லாமல், நேராக அவரைப் பார்த்தாள். "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? வெறகப் போட்டுட்டு உள்ள வாங்க" என்றாள்.

மறுநாள் அவள் ராஜாக்காட்டுக்குப் பூசைக்குக் கிளம்பினாள். வீடும் கிளம்பியது. மேற்கு எல்லை உள்ளே உட்கார்ந்து கட்டன்காப்பி குடித்துக்கொண்டிருந்தது.