உராய்வு கம்மியா ஒரு டயர்

சண்முகவேல் வீட்டில் யாரும் நாற்காலியை இழுக்க மாட்டார்கள். தூக்கித்தான் வைப்பார்கள். தோசைக்கல்லில் இரும்புக் கரண்டி படாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் மனைவி சொர்ணலட்சுமி மரக் கரண்டியால்தான் தோசையைத் திருப்புகிறாள். மகளைப் பார்க்க வந்தவன் செருப்பைத் தரையில் தேய்த்து நடந்தான் என்பதற்காக ஒரு நல்ல வரனே தட்டிப்போயிருக்கிறது. சிவகாசிக்கு அருகே தாயில்பட்டிப் பக்கம் பன்னிரண்டு ஷெட்டுடன் ஒரு பட்டாசுக் கம்பெனியை இருபத்தெட்டு வருஷமாக ஒரு பொறிகூடப் பறக்காமல் நடத்தி வருகிறவருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அதன் பெயர் உராய்வு.

அந்த எதிரியைத்தான் இன்றைக்குக் காலையிலிருந்து கடை கடையாக எல்லோரும் அவரிடமே புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

மகள் சுகிர்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வால்பாறைக்கு மேலே ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராக வேலை கிடைத்திருந்தது. திங்கள்கிழமை காலை பத்து மணிக்குச் சேர வேண்டும். ஞாயிறு விடிந்ததும் கிளம்பினால்தான் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் வெளிச்சத்தோடு ஏறி முடிக்கலாம். இன்று சனிக்கிழமை. மணி மூன்றரை. அப்பாவின் பழைய கார் அவளுக்கென்று முடிவாகிவிட்டது. அதன் நாலு டயரும் அப்பாவின் தலையைப் போலவே வழவழவென்று இருந்தன.

அப்பா போட்ட நிபந்தனை எளிமையானது.

"டயரு எனக்குத் திருப்தியா இருந்தா நீ தனியாப் போ பாப்பா. இல்லேன்னா நானும் அம்மாவும் கூட வாரோம். பத்து நாள் இருந்து, எடம் எப்படி, சனம் எப்படின்னு பாத்துட்டு வந்துருவோம்."

பத்து நாள் என்பது பேச்சுக்குச் சொன்னது. தீபாவளி முடிந்து, மழையும் பிடித்து, கம்பெனி பூட்டிக் கிடந்தது. அவருக்கு வேலை இல்லை. எந்தக் குடும்பத்துக்கும் இதைவிட ஆபத்தான நிலைமை வரக் கூடாது. சொர்ணலட்சுமி ஏற்கெனவே மிக்சியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டாள். சுகிர்தாவுக்கோ இருபத்தாறு வயதில் முதல்முறையாகத் தனியாக ஓர் அறை கிடைக்கப்போகிறது. அங்கே போனதும் முதல் வேலையாக ஒரு நாற்காலியை அறை நீளத்துக்குக் கரகரவென்று இழுத்துப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

டயர் தேடி அவர்கள் விருதுநகருக்கு வந்ததற்கும் காரணம் உண்டு. சிவகாசியில் டயர் கடை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். சொந்தக்காரரிடம் வாங்கிய பொருளில் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத பொருளைச் சண்முகவேல் வாங்குவதில்லை.

நாலாவது கடை செந்தூர்பாண்டியுடையது. நாற்பது வயது, கழுத்தில் துண்டு, காதில் பென்சில். டயரைப் பற்றிப் பேசும்போது பெண்ணுக்கு வரன் சொல்கிற தரகர் போல முகம் மலரும்.

"அண்ணாச்சி, மலைக்குன்னு சொல்றீக. கண்ண மூடிக்கிட்டு இத எடுங்க. ஆல் சீசன். வெயிலு, மழை, பனி எல்லாத்துக்கும் ஒரே டயரு. அந்தச் சந்து பாருங்க, எம்புட்டு ஆழம்! தண்ணிய அள்ளி வெளிய வீசிரும். ரோட்ட அப்படியே கவ்விப் புடிக்கும்."

"கவ்வுமா?"

"விடவே விடாது அண்ணாச்சி. உடும்புதான்."

சண்முகவேல் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பிறகு குனிந்து, சுண்டுவிரலால் டயரை மெதுவாகத் தொட்டு, வேகமாக விரலை எடுத்துக்கொண்டார்.

"சொரசொரன்னு இருக்கு."

"அதான் அண்ணாச்சி அதோட அழகே."

"எங்க கம்பெனியில இம்புட்டுச் சொரசொரப்பா ஒரு சாமான உள்ள கொண்டுவந்தா வாசல்லயே சீட்டக் கிழிச்சு அனுப்பிருவேன்."

செந்தூர்பாண்டி இப்படிப்பட்ட வாடிக்கையாளரை இதுவரை கண்டதில்லை. ஆனாலும் வியாபாரி. மூலையிலிருந்து வேறொன்றை உருட்டிக்கொண்டு வந்தார். மேலோட்டமான கோடுகள், பளபளப்பு, கன்னம் போல வழுவழுப்பு.

"இது நாலுவழிச் சாலைக்குன்னே செஞ்சது. வெண்ணெ மாதிரி ஓடும். ரோட்டுல ஒட்டாது. மைலேஜு கூடும்."

"அப்ப உராய்வு?"

"ரொம்பக் கம்மி அண்ணாச்சி."

சண்முகவேலின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது. உள்ளங்கையால் அந்த டயரைத் தடவினார். தன் பிள்ளைகளின் தலையைக்கூட அவர் அப்படித் தடவியதாகச் சுகிர்தாவுக்கு நினைவில்லை.

"இதான் டயரு."

"அப்பா, அது மலைக்கு ஆகாது. மழையில வழுக்கும்."

"வழுக்கினா என்ன? பொறி பறக்காதுல்ல?"

"உராய்வு இல்லேன்னா வண்டி நிக்காதுப்பா."

"நிக்கிறதுக்குத்தான் பிரேக் இருக்கே."

"பிரேக்கே உராய்வுதான்."

சண்முகவேல் திரும்பி, வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்ற தன் காரைப் பார்த்தார். பதினோரு வருஷம் கூடவே இருந்த கணக்குப்பிள்ளை எதிர்க் கம்பெனிக்கு ஆள் என்று தெரிந்தவர் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இத்தன வருசமா அதுலயா நான் போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

அதற்கு மேல் அங்கே பேரம் ஓடவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று வெளியே வந்துவிட்டார். அவர் அகராதியில் அதற்கு அர்த்தம், அம்மாவும் அப்பாவும் மிக்சியும் வால்பாறைக்கு வருகிறார்கள் என்பது.

சுகிர்தா காரை எடுத்தாள். ஆமத்தூர் தாண்டியதும் மழை வலுத்தது. வைப்பர் ஒரு பக்கம் அழுதது. அவள் மனதுக்குள் வால்பாறை அறையில் அப்பாவுக்கு ஒரு கட்டில் போட்டுப் பார்த்தாள். அம்மாவுக்கு இன்னொன்று. நாற்காலிக்கு இடமில்லை. சாலையோரப் புளியமரம் ஒன்றைக் கடக்கும்போது, முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது.

பிரேக்கை மிதித்தாள். சக்கரம் நின்றது. கார் நிற்கவில்லை.

சத்தமே இல்லை. வண்டி பரிசலைப் போல ஒருபக்கமாகத் திரும்பி, அதே நிதானத்தில் முன்னேறியது. ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேல மரங்கள் வரிசையாகக் கடந்தன. ஆட்டோவில் ஏற வேண்டியவர் ஏறி, ஆட்டோவும் நகர்ந்துவிட்டது. நகராமல் இருந்திருந்தால் அதன் பின்சீட்டில் இவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். கார் அது நின்ற இடத்தையும் தாண்டி, முழுக்கத் திரும்பி, சாலையோரச் சேற்றில் மூக்கை நுழைத்து, விருதுநகரைப் பார்த்தபடி நின்றது.

"ஏலே, டயரா லே அது!" என்று ஆட்டோவிலிருந்து ஒரு தலை கத்திக்கொண்டே போனது.

சுகிர்தா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. சண்முகவேல் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, சக்கரத்தின் பக்கம் முகர்ந்து பார்த்தார்.

"பாத்தியா?" என்றார். குரல் கிறீச்சிட்டது. "ஒத்தப் பொறி பறக்கல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பள்ளிக்கூட நாளிலிருந்து அப்பாவோடு அறிவியல் பேசி அவள் ஜெயித்ததில்லை. எனவே அறிவியலை விட்டாள்.

"அப்பா, ரெண்டு ஷெட்டுக்கு நடுவுல எதுக்கு எடம் விடுறீக?"

"இதென்ன கேள்வி? ஒண்ணுல எதாச்சும் ஆனா இன்னொண்ணுக்குப் போகக் கூடாதுன்னுதான்."

"அந்தப் புளியமரத்துக்கிட்ட பிரேக்க மிதிச்சேன். இங்கன வந்துதான் நின்னுச்சு. அளந்து பாருங்க."

அளப்பது என்றால் சண்முகவேல் மறுபேச்சுப் பேசாத மனிதர். அதிகாரிகள் சோதனைக்கு வருகிற நாளில் பயன்படும் முப்பது மீட்டர் டேப் டிக்கியில் எப்போதும் இருக்கும். ஒரு முனையை மகளிடம் கொடுத்து மரத்தடியில் நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மழையில் டேப்பைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். முப்பது மீட்டர் தீர்ந்துபோனது. கார் இன்னும் தள்ளி நின்றது. இரண்டாம் தடவை பிடித்தார். பதினொன்று.

நாற்பத்தொரு மீட்டர். அவர் வாய்க்குள் எதையோ கூட்டிக் கழித்தார்.

"இதுக்குள்ள ரெண்டு ஷெட்டு கட்டிரலாம் பாப்பா."

"கட்டலாம்."

"ரெண்டுக்கும் லைசென்ஸே குடுப்பான்."

"குடுப்பான்."

"அந்த ஆட்டோ நகராம இருந்திருந்தா?"

அவர் டேப்பைச் சுற்றினார். ஒரு சுற்று தப்பியது, பிரித்து மறுபடி சுற்றினார். "வண்டி விருதுநகரப் பாத்துத்தான் நிக்குது. வந்த வழியே போ. இருவதுல போ" என்றார்.

செந்தூர்பாண்டி மறுபடியும் அவர்களைக் கண்டதும் அந்த வெண்ணெய் டயரை எடுக்க ஓடினார். சண்முகவேல் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த உடும்பக் கொண்டாங்க."

இதோடு முடிந்தது என்றுதான் சுகிர்தா நினைத்தாள். காற்றுத் துப்பாக்கியை வைத்து நட்டுகளைக் கழற்றிய அரைமணி நேரமும் சண்முகவேல் சாலைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றார். இரும்பில் இரும்பு படுகிற இடத்துக்கு அவர் வர மாட்டார். நாலு டயரும் மாட்டி, அலைன்மென்ட்டும் பார்த்த பிறகு சாலையைக் கடந்து வந்தார்.

"அஞ்சாவது?"

"எது அண்ணாச்சி?"

"ஸ்டெப்னி. அது பழசுதான?"

"அது அவசரத்துக்கு அண்ணாச்சி. இன்னும் ரோட்டயே பாக்காத டயரு. இந்த ரகத்துல எங்கிட்ட இருந்தது நாலுதான். அடுத்த லோடு புதன்கிழமை."

சண்முகவேல் டிக்கியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "பதினோரு வருசத்துச் சரக்கு. இத மாட்டி ஓட்டுறதுக்கு நான் உயிரோட இருக்கையில விட மாட்டேன். நடு மலையில ஒரு டயரு பஞ்சர் ஆச்சுன்னா ஆரு மாத்துவா? சரி, நானே கூட வாரேன். ஒரு வாரம் இருந்து, புதன்கிழமை…"

"நான் மாத்துவேன்."

சுகிர்தா ஜாக்கியை எடுத்துக் கீழே போட்டாள். வேண்டுமென்றேதான் போட்டாள். சத்தம் கேட்டு அவர் டீக்கடைக்கே திரும்பிப் போய்விட்டார்.

தூறலில் உட்கார்ந்து, இப்போதுதான் மாட்டிய புது டயரில் ஒன்றைக் கழற்றி, பழைய ஸ்டெப்னியை மாட்டினாள். செந்தூர்பாண்டி ஒத்தாசைக்குக் குனிந்தபோது "தள்ளுங்கண்ணே" என்றாள். ஒரு நட்டு வரவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தாள். கிறீச்சென்ற சத்தத்துக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் சண்முகவேல் காதைப் பொத்தினார், கண்ணை மூடவில்லை. ஸ்டெப்னி ஏறியதும் அதைக் கழற்றி, புது டயரை மறுபடி மாட்டினாள். முழங்கை வரை கருப்பு. சுடிதாரில் சேறு.

"எம்புட்டு நேரம்?" என்று கத்தினார்.

"ரெண்டுக்கும் சேத்து முப்பத்தஞ்சு நிமிசம்!"

"பசு மாட்டுக்குப் பிரசவம் பாக்குறத விடக் கஷ்டமா?"

"இது ஒதைக்காதுப்பா."

அவர் டீத் தம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார். பிறகு டீக்காரரிடம் எதையோ கேட்டார். பதில் வாங்கிக்கொண்டு கத்தினார்.

"அஞ்சாவது டயர அப்புறம் பாத்துக்கலாம். சிவகாசி பஸ்ஸு இப்ப வருமாம். நான் அதுல வாரேன். வீடு வரைக்கும் நீ தனியா ஓட்டு. பாப்போம்."

முன்னே போக அவளுக்கு அனுமதி. பஸ் பின்னால் வரும். ஆமத்தூர் தாண்டியதும் கண்ணாடியில் பஸ்ஸின் முகப்பு விளக்குகள் தெரிந்தன. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் அப்பா, முன்கம்பியைப் பிடித்தபடி. ஊரையே முந்துகிற அந்தப் பஸ் ஐந்து கிலோமீட்டராக அவள் பின்னாலேயே ஊர்ந்தது. அதற்குக் காரணம் டிரைவராக இருக்க முடியாது. ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தாள். கார் மிதித்த இடத்திலேயே நின்றது. மாடு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. பின்னால் பஸ்ஸும் நின்றது, நல்ல இடைவெளி விட்டு.

திருத்தங்கல் நெருங்கும்போது ஹாரன் கேட்டது. முதல் தடவை அவள் நம்பவில்லை. இரண்டாவது ஹாரனுக்கு இடம் விட்டாள். பஸ் உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்து, தண்ணீரை வாரி அடித்து, அவளைத் தாண்டியது. தாண்டுகிற ஒரு நொடியில் அவள் ஏறிட்டுப் பார்த்தாள்.

சண்முகவேல் முன்கம்பியை விட்டுவிட்டு, கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.