சாவி கொடுக்கும் பாட்டு

1
ஆடிக் கிருத்திகை மலருக்குத் திருத்தணிக் கதை ஒன்று கேட்டார்கள். காவடி கட்டாயம் வரும் என்று நம்பியிருப்பார்கள். எனக்கு வந்தது கித்தார். நான் என்ன செய்ய?

முதல் வரி: 'மலைமேல் மணி ஒலித்தபோது ஆதிகேசவன்...' (வேண்டாம். மணி ஒலிக்காத திருத்தணிக் கதை உண்டா?)

2
ஆதிகேசவன் அரக்கோணம் ரயில்வேயில் ஃபிட்டர். யுத்தகாலத்தில் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் ஊர் திரும்பும்போது அவனுக்குக் கித்தாரும், ப்ளூஸ் என்னும் அமெரிக்கச் சோகப்பாட்டு இசைத்தட்டு ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனான்.*

திருத்தணி வீட்டுப் பழைய கிராமபோனில் ஸ்பிரிங் தளர்ச்சி. பாதியில் பாட்டு இழுத்து, சுருதி இறங்கி, அழ ஆரம்பிக்கும். மனைவி அம்சா ஓடிவந்து சாவி கொடுப்பாள். பாட்டு துள்ளி எழும். இதுவும் பாட்டில் சேர்த்தி என்றே இருவரும் நினைத்தார்கள். கித்தாரிலும் அப்படியே பழகினான். தளர்ந்துகொண்டே போவான், அம்சா காற்றில் கையைச் சுற்றினால்தான் எழுவான்.

* நானே பாதிதான் நம்புகிறேன். கித்தார் வேறெப்படி வரும்?

3
1955. சென்னை ஸ்டுடியோவில் அவனுடைய முதல் இசைத்தட்டு. அம்சாவை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். இரண்டு முறை வாசித்தான். இரண்டு முறையும் பாட்டு தளர்ந்து நின்றேபோனது.

"இன்னாங்க இது, பாதியில படுத்துக்குது?" என்றார் ஒலிப்பதிவாளர் வேதாசலம். "இன்னொரு வாட்டிதான். அதுவும் போச்சுன்னா ஊருக்குக் கெளம்புங்க."

"என் சம்சாரத்த உள்ள உடுங்க."

"அவங்க பாடுவாங்களா?"

"இல்லீங்க. சாவி குடுப்பா."

4
(இங்கே அவனை வெறுங்கையோடு ரயிலேற்றி ஒரு முடிவு எழுதினேன். படித்துப் பார்த்தேன், எனக்கே ஆத்திரம் வந்தது. கிழித்துவிட்டேன்.)

"என் கையப் பாத்துகினே வாசி பாவா. நான் இருக்கேன்ல?" என்றாள் உள்ளே வந்த அம்சா.

வாசித்தான். பாட்டு தளர்ந்தது, இறங்கியது, கடைசி மூச்சுக்கு வந்தது. நிறுத்தச் சொல்ல வேதாசலம் கையைத் தூக்கினார். அதற்குள் அம்சாவின் கை காற்றில் சுற்றியது. கித்தார் குதித்தெழுந்த வேகத்தில், தூக்கிய கையாலேயே அவர் தாளம் போட்டார்.

"இன்னொரு வாட்டி வாசிக்கட்டுங்களா?" என்றான் ஆதிகேசவன்.

"மூச்சு உடாதீங்க. இதான் தட்டு!"

5
தட்டு வெளிவந்தது. பாட்டு இழுக்கத் தொடங்கியதும், தங்கள் கிராமபோன்தான் தளர்கிறது என்று வீட்டுக்கு வீடு ஓடிப்போய்ச் சாவி முறுக்கினார்கள். நல்ல ஸ்பிரிங்குகளெல்லாம் அறுந்தன.

"யாரும் கை வெக்காதீங்க! அவ குடுப்பா!" என்று ஆதிகேசவன் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனான். யார் கேட்டார்கள்?

இப்போது அந்தத் தட்டு உங்கள் வீட்டில் சுழல்கிறது. பாட்டு இறங்குகிறது. அம்சா இன்னும் கையைத் தூக்கவில்லை. உங்களுக்கு விரல் துறுதுறுக்கிறது. நான் சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?