மேற்பக்கம் வெந்த கல்

மொக்கைச்சாமியின் காதைப் பற்றிச் சிறுமலை அடிவாரக் கல்குவாரிகளில் பெரிய பேச்சு உண்டு. பாறைமேல் விறகைப் பரப்பித் தீ மூட்டி, சூட்டில் பாறையின் மேலடுக்கு தகடாகப் பிரிந்து விட்டுவரச் செய்வது அவர் வேலை. தீ அணைந்து, ஒரு ராத்திரி முழுக்க ஆறிய பிறகுதான் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் பாறை கெட்டி. பொத்தென்றால் தகடு விட்டுவிட்டது, கீழே ஆள் இருக்கக் கூடாது. மொக்கைச்சாமி மட்டும் ஆறும்வரை காத்திருக்க மாட்டார். "எங் காதுக்கு எதுக்குப்பா ஒரு ராத்திரி?" என்பார். அம்புட்டு கர்வம்.

அறுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் பாறையின் விளிம்பு பெயர்ந்து விழுந்தது. அடியில் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கருப்பம்மாள் சத்தம் போடக்கூட நேரமில்லாமல் போய்விட்டாள். அந்தக் கல்லைப் புரட்ட ஏழு ஆள் தேவைப்பட்டது.

அன்று காலையில்தான் அதன்மேல் அவர் தீ மூட்டியிருந்தார். மத்தியானமே தட்டியும் பார்த்தார். கணீரென்றுதான் கேட்டது. குவாரிக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மலை உண்டான நாள்லேருந்து இருக்குற வெடிப்புய்யா இது. யார் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். மொக்கைச்சாமி அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பழைய வெடிப்பு என்றால் தன் தீ கொல்லவில்லை. ஆனால் மகள் ஒச்சாயி, பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அவளிடம் காட்ட அவருக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

டவுனில், பேகம்பூரில் நைனா முகமது என்று ஒருவர் இருந்தார். கல்லைப் பற்றியே காலேஜில் படித்தவர். குவாரிக்கு வந்து, சிவப்புப் புள்ளி போட்ட கல்லாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போவார். பைத்தியம் என்று எல்லோரும் சிரிப்பார்கள். மொக்கைச்சாமியும் சிரித்தவர்தான். இப்போது, விழுந்த கல்லில் வெடிப்பு ஓடிய ஒரு துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இந்த வெடிப்புக்கு வயசு சொல்ல முடியுமா சார்?"

"சொல்லலாம். பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார் நைனா முகமது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, மொக்கைச்சாமியும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் போனபோது, நைனா முகமது அந்தக் கல்லிலிருந்து மெல்லிய வில்லை ஒன்றை அறுத்து, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார்.

"நடுவுல உருண்டையா தெரியுதே, அதுதான் நீங்க பாக்குற சிவப்புப் புள்ளி. சுத்திலும் புழு அரிச்ச மாதிரி ஒரு வளையம் இருக்கா?"

"இருக்கு சார்."

"இந்தக் கல்லு ஒரு காலத்துல பூமிக்கு அடியில பல மைல் ஆழத்துல கெடந்துச்சு. கொல்லன் உலையில இரும்பு செவக்குமே, அப்படியாப்பட்ட சூடு. அப்புறம் மலையோட சேந்து மேல வந்துச்சு. சூடு ஆறுறதுக்குள்ள மேல அமுக்கிக்கிட்டிருந்த பாரம் கொறஞ்சு போச்சு. இந்தச் செவப்புப் புள்ளி தாங்கல, ஓரத்துல சிதைஞ்சு வேற கல்லா மாற ஆரம்பிச்சிருச்சு. முழுசா மாறுறதுக்குள்ள சூடு ஆறிப்போகவும் பாதியில நின்னுருச்சு. நடந்தது அம்புட்டும் அப்படியே பதிஞ்சிருக்கு பாருங்க."

"வெடிப்பு சார்?"

"அது புதுசு. பழசா இருந்தா அதுக்குள்ள ஏதாவது வளந்து அடைச்சிருக்கும். இது செவப்பையும் வளையத்தையும் சேத்து அறுத்துக்கிட்டு சுத்தமா ஓடுது. போன மாசம் வெடிச்சதுன்னாலும் நம்புவேன்."

"குவாரியில வெடி வச்சதுல இருக்குமா?"

"இல்ல. துண்டோட மேற்பக்கம் மட்டும் செக்கச்செவேல்னு வெந்திருக்கு. வெடியில இப்படி வேகாது. யாரோ தீ மூட்டியிருக்காங்க. சுடச்சுட இருக்கையில தட்டியிருந்தா, தகடு உப்பி இறுகிக்கிட்டு கெட்டியாத்தான் ஒலிச்சிருக்கும். ஆறுறப்பதான் விட்டிருக்கும். யாரு வச்ச தீ?"

கல் விழுந்த அன்று மத்தியானம் கருப்பம்மாள் சொன்னது மொக்கைச்சாமியின் காதில் மறுபடி விழுந்தது. "மேல கல்லு சடசடங்குது. செத்த நேரம் தள்ளி உக்காந்துக்கிறேன்." அதற்கு அவர் சொன்ன பதிலும் விழுந்தது. "எங் காதை விட ஒங் காது பெருசா? உக்காந்து ஒடை."

"நாந்தான் சார்" என்றார். "அதுக்கடியில இருந்தது எம் பொண்டாட்டி."

கல்லைத் திருப்பிக் கொடுக்கக்கூட நைனா முகமதுவுக்குத் தோன்றவில்லை. மொக்கைச்சாமியே எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது நாகல் நகர் தாண்டியும், பழைய வெடிப்பு என்றே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? வீட்டுக்குள் நுழைந்து ஒச்சாயியின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. கல்லை அவள் முன்னால் வைத்தார்.

"நான் வச்ச தீதான் தாயி. ஒங்கம்மாவைக் கொன்னது நாந்தான். கல்லு சடசடங்குதுன்னு சொன்னா. நாந்தான் அதட்டி உக்கார வச்சேன்."

ஒச்சாயி கல்லைப் பார்க்கவே இல்லை. நாற்பது நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு தண்ணிக் கொடத்தோட ஒனக்குப் பின்னாடிதானப்பா நின்னேன். நீ அம்மாவ அதட்டுனத நானும் கேட்டேன். நீயா சொல்லுவன்னுதான் இத்தன நாளும் பாத்தேன். அதுக்கு ஒனக்கு ஒரு கல்லு சாட்சி சொல்ல வேண்டியிருந்துச்சா?"