இருபதுக்கு இருபது

பணியிடைப் பயிற்சி என்று அதற்குப் பெயர். புள்ளியியல் நடத்தும் முப்பத்தாறு ஆசிரியர்களை ஒரு ஹாலில் அடைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு ஸ்கெட்ச் பேனா கொடுத்தார்கள். எங்களைத் திருத்த வந்த பயிற்சியாளர் கோட்டு போட்டிருந்தார். ஆயுளில் சாக்பீஸ் பிடித்த விரல்கள் இல்லை அவை.

முதல் வேலையாக முன்தேர்வு, நாலு விடையில் ஒன்றைக் குறிக்கும் இருபது கேள்வி. மூன்றாம் நாள் பின்தேர்வு, அதுவும் இருபது கேள்வி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்கள் வளர்ச்சியாம். ஆறு மதிப்பெண்ணாவது வளர்ந்தவர்களுக்குத்தான் சான்றிதழ்.

எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் இடமாறுதல் விண்ணப்பத்தைக் கையால் தொட மாட்டார்கள், கடைசித் தேதியோ பயிற்சி முடிந்த மறுநாள். என் கணவரும் மகளும் ஐந்து மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறார்கள். நான் நாலு வருடமாகப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் குப்பை கொட்டுகிறேன். போன சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கேட்டாள், "எத்தனை நாள் இருப்பம்மா?" விருந்தாளியிடம் கேட்கிற குரல். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

பக்கத்து நாற்காலியில் ஒரு மீசைக்கார வாத்தியார். அவர் கேள்வியைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'இ' என்று போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இன்னைக்கு முட்டாளா இருந்துடுங்க. நாளன்னைக்கு அறிவாளி ஆகிக்கலாம்."

"புள்ளியியல் வாத்தியாரே கள்ளக்கணக்கு எழுதறதா?"

"எல்லாரும் அதான் எழுதறாங்க. சுத்திப் பாருங்க."

பார்த்தேன். எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபதையும் சரியாகப் போட்டு, அடியில் கோடு கிழித்துக் கொடுத்தேன். அதில் நேர்மை பாதி, திமிர் பாதி.

மறுநாள் பயிற்சியாளர் எங்கள் மதிப்பெண்களைத் திரையில் போட்டார். "இந்த ஹால்ல சரிபாதி பேர் இடைநிலை அளவுக்குக் கீழ இருக்கீங்க. வெட்கமா இல்லையா?" என்றார். இடைநிலை என்றாலே வரிசையின் நடுவில் விழும் கோடு. பாதிப் பேர் அதற்குக் கீழே இல்லாமல் எங்கே போவார்கள், கூரைக்கா? முப்பத்தைந்து பேர் வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு சார்ட் பேப்பரில் பூ வரைந்து, ஒவ்வொரு இதழிலும் ஒரு சராசரியை எழுதச் சொன்னார். எழுதினோம். பி.எச்டி. முடித்த ஒருவர் இதழுக்கு ரோஸ் வண்ணம் தீட்டினார்.

மூன்றாம் நாள் பின்தேர்விலும் எனக்கு இருபதுக்கு இருபது. மீசைக்காரர் ஐந்திலிருந்து பத்தொன்பதுக்கு வளர்ந்திருந்தார். என் பெயருக்கு நேரே சிவப்பில் பூஜ்யம், பக்கத்தில் 'பயனடையவில்லை'.

பயிற்சியாளரை வராந்தாவில் மடக்கினேன். "இருபதுக்கு மேல நான் எப்படி சார் வாங்கறது?"

"அது எனக்கும் தெரியுது மேடம். ஆனா கம்ப்யூட்டர் வித்தியாசத்தைத்தான் பாக்கும்."

"அடுத்த பயிற்சி எப்போ?"

"அடுத்த வருஷம்." கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். புதுத் தாள் தர்றேன். முன்தேர்வைத் திரும்ப எழுதிக் குடுத்துடுங்க. முதல் நாள் தேதி போடுங்க. கொஞ்சம் தாராளமாவே தப்பு பண்ணுங்க, எனக்கும் மொத்த வளர்ச்சி ஏறும்."

காறித் துப்பியிருக்க வேண்டும். தாளை வாங்கிக்கொண்டேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினேன். தப்பாக எழுத யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வருடமாக என் மாணவர்கள் எந்தக் கேள்விக்கு எங்கே சறுக்குவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அந்தத் தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். பதினாலு வாங்கியிருந்தால் போதும். இருந்த ஆத்திரத்தில் நாலுதான் வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறவனுக்கே ஐந்து விழும்.

சாயங்காலம் சான்றிதழ் கொடுக்கக் கல்வி அதிகாரி வந்தார். பயிற்சியாளர் மைக்கைப் பிடித்தார். "நம்ம பயிற்சியில அதிகமா வளர்ந்தவங்க ஒருத்தரைக் காட்டப்போறேன்" என்றார். திரையில் என் தாள் வந்தது. என் கையெழுத்து, என் பெயர், பதினாறு சிவப்புப் பெருக்கல் குறி. பெயரையாவது மறைப்பார் என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"எழுந்து மேல வாங்க மேடம்."

போனேன். அதிகாரி திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எத்தனை வருஷ சர்வீஸ்?"

"பத்தொன்பது, சார்."

"பத்தொன்பது வருஷமா இதை வச்சுக்கிட்டா பசங்களுக்குப் பாடம் நடத்துனீங்க?"

என் சான்றிதழ் அவர் கையில் இருந்தது. இன்னும் நீட்டவில்லை. மூன்று நாளாக அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரையும் மனசுக்குள் காறித் துப்பியவள் நான். இப்போது அவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்.

"தப்புதான் சார். இப்ப தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்படியா? எங்க, சொல்லுங்க பாப்போம். ஆறு, எட்டு, பத்து. சராசரி என்ன?"

கையைக் கட்டிக்கொண்டேன்.

"எட்டு, சார்."

ஹாலே கை தட்டியது.